வந்து சேராத உடை

என் அப்பா தையல்காரர். கடையின் பின்சுவரில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். தைத்து முடித்தும் யாரும் வந்து வாங்காத துணிகள் அந்த ஆணிகளில் தொங்கும். ரவிக்கை, பள்ளிக்கூடச் சட்டை, ஒரு தடவை ஒரு கல்யாணக் கோட்டு. “வருவாங்க, இருக்கட்டும்” என்பார். சில துணிகள் வருஷக்கணக்கில் தொங்கியிருக்கின்றன. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்ததாலோ என்னவோ, ஒரு கதையில் ஓர் உடை காணாமல் போனால் என்னால் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ பாடமாக இருந்தது. ஆள்மாறாட்டம், காதல், குழப்பம், கடைசியில் எல்லாம் சுபம் என்று நோட்ஸ் முடிந்துவிடும். நாடகத்தை வரிக்கு வரி படித்தபோதுதான் அப்படி முடியவில்லை என்பது தெரிந்தது. கடைசிக் காட்சியில் ஆர்சினோ பிரபு வயோலாவின் கையைக் கேட்கிறான். “உன்னைப் பெண் உடையில் பார்க்க வேண்டும்” என்கிறான். அவள் சொல்லும் பதில் ஒரு காதலி சொல்லும் பதில் போலவே இல்லை. என்னைக் கரை சேர்த்த கப்பல் தலைவனிடம் என் துணிகள் இருக்கின்றன. அவர் இப்போது சிறையில் இருக்கிறார். மால்வோலியோ போட்ட வழக்கு. அவ்வளவுதான். மால்வோலியோ வருகிறான், கத்துகிறான், போய்விடுகிறான். அவனைச் சமாதானப்படுத்தச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். நாடகம் முடிந்துவிடுகிறது. துணி வந்து சேரவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயோலாவும் செபாஸ்டியனும் இரட்டையர். கப்பல் உடைந்து ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குகிறார்கள். மற்றவர் செத்துவிட்டார் என்று இருவருமே நினைக்கிறார்கள். இல்லிரியா என்ற ஊரில் தனியாக நிற்கும் வயோலா ஆண் உடை போட்டு, சிசாரியோ என்ற பெயரில் ஆர்சினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள். ஆர்சினோ ஒலிவியா என்ற சீமாட்டியை விரும்புகிறான். தூது போகும் வேலை வயோலாவுக்கு வருகிறது. ஒலிவியாவுக்குத் தூதுவன் மேல் காதல். தூதுவனுக்கோ எஜமான் மேல் காதல். கடைசியில் செபாஸ்டியன் வந்து சேர, முடிச்சு அவிழ்கிறது. இதற்கு நடுவில் ஒலிவியா வீட்டு மேலாள் மால்வோலியோவை, சீமாட்டி உன்னைக் காதலிக்கிறாள் என்று ஒரு போலிக் கடிதத்தால் நம்பவைத்து அவமானப்படுத்தும் கிளைக்கதையும் ஓடுகிறது.

இந்த உடைக்குள் இருந்தது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1660 வரை இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. இத்தாலியில் அதற்கு நூறு வருஷம் முன்பே நடிகைகள் இருந்தார்கள்; லண்டனில் இல்லை. பெண் பாத்திரங்களைச் சிறுவர்களும் இளைஞர்களும் ஏற்றார்கள். ஒரு நடிகரிடம் தொழில் பழக வந்து, அவர் வீட்டிலேயே தங்கி, சாப்பிட்டு, பாடம் கேட்டு, மேடையேறினார்கள். ஆக, வயோலா சிசாரியோவாக நிற்கும்போது ஒரு பையன், பெண் வேடம் கட்டி, அந்தப் பெண்ணாக இருந்துகொண்டே மறுபடி ஆண் வேடம் கட்டி நிற்கிறான்.

தமிழ் நாடகம் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமான ஏற்பாடு இல்லை. பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள்தான் ஸ்திரீபார்ட். குரல் உடையும் வயசு வந்தால், “மகரக்கட்டு உடைஞ்சிடுச்சு” என்பார்கள். அதோடு பல பையன்களுக்கு அந்த வேடம் போய்விடும். ஆர்சினோ முதன்முதலில் சிசாரியோவை உற்றுப் பார்க்கும் இடத்தைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. உன் உதடு அத்தனை மென்மை, உன் சின்னக் குரல் பெண்பிள்ளையின் குரல் போல இன்னும் கீறல் விழாமல் இருக்கிறது, உன்னிடம் உள்ளதெல்லாம் ஒரு பெண்ணின் ‘பார்ட்’ மாதிரியே இருக்கிறது என்கிறான். மூலத்தில் இருப்பது அதே சொல்தான். நாடகத்தில் ஒருவர் ஏற்கும் பாத்திரத்துக்கு அவர்கள் சொன்ன சொல் அது. நம் ஆட்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று எடுத்துக்கொண்ட அதே சொல். மகரக்கட்டு உடையாத பையனைப் பார்த்து, உனக்கு ஸ்திரீபார்ட் பொருந்தும் என்று மேடையிலேயே ஒருவன் சொல்கிறான். அவன் தனக்குத் தெரியாமல் மூன்று உண்மைகளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறான். கூட்டத்துக்கு மூன்றும் தெரியும்.

சென்னையில் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கி மேடையேற்றியபோதும் பெண் வேடம் ஆண்களுடையதுதான். ‘பன்னிரண்டாம் இரவு’ தமிழில் ‘கன்னியின் காதலி’ என்ற பெயரில் 1949-இல் படமாகவே வந்தது. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய முதல் பாட்டு அந்தப் படத்துக்குத்தான்.

சரி, துணிக்கு வருவோம்.

அந்தக் காலத்து லண்டன் மேடையில் பெரிய காட்சி ஜோடனை கிடையாது. கண்ணைப் பறித்தது துணிதான். ஃபிலிப் ஹென்ஸ்லோ என்ற அரங்க உரிமையாளரின் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. 1603-இல் ஒரு நாடகத்தை எழுதிக் கொடுத்த தாமஸ் ஹேவுட்டுக்கு அவர் கொடுத்தது 6 பவுன். அதே நாடகத்தில் பெண் பாத்திரத்துக்காக வாங்கிய ஒரே ஒரு கறுப்பு வெல்வெட் கவுனுக்கு 6 பவுன் 13 ஷில்லிங். எழுத்தைவிடத் துணிக்கு விலை அதிகம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. “வெல்வெட்டுன்னா அப்படித்தான். ஒரு இடத்துல தப்பா வெட்டிட்டா மொத்தமும் போச்சு” என்றார்.

இத்தனை விலையுயர்ந்த துணி நடிகர்களுக்கு எங்கிருந்து வந்தது? தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1599-இல் லண்டனுக்கு வந்து நாடகம் பார்த்தார். அவர் எழுதி வைத்திருக்கிறார்: பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு எழுதிவைப்பார்கள், வேலைக்காரர்கள் அவற்றை உடுத்தக் கூடாது, அதனால் நடிகர்களுக்கு மலிவாக விற்றுவிடுவார்கள். ஏன் உடுத்தக் கூடாது என்றால், அதற்குச் சட்டமே இருந்தது. எந்த அந்தஸ்தில், எந்த வருமானத்தில் இருப்பவர் வெல்வெட் போடலாம், யார் சாட்டின் போடலாம், யார் தங்கச் சரிகை போடலாம் என்று எலிசபெத் ராணி திரும்பத் திரும்ப ஆணை போட்டார். 1604-இல்தான் நாடாளுமன்றம் அந்தச் சட்டங்களை நீக்கியது. ‘பன்னிரண்டாம் இரவு’ எழுதப்பட்டது அதற்குச் சில வருஷம் முன்பு.

ஆள் பாதி ஆடை பாதி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அங்கே ஆடையே ஆள். தெருவில் வருகிறவன் யார், அவனுக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்பதைத் துணி சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு மேடையேறி, மதியம் ராஜாவாகவும் மறுநாள் ராணியாகவும் நின்றால் பெரியவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. ஆணின் உடையைப் பெண்ணோ பெண்ணின் உடையை ஆணோ தரிக்கலாகாது என்ற பைபிள் வசனத்தை (உபாகமம்) மேற்கோள் காட்டிப் பிரசங்கங்களும் துண்டு நூல்களும் வந்தன. உடை மாறினால் உள்ளமும் மாறிவிடும், பெண் வேடம் கட்டுகிற பையன் மெல்ல மெல்லப் பெண்மை அடைந்துவிடுவான் என்று உண்மையாகவே பயந்தார்கள். வில்லியம் பிரின் என்ற வழக்கறிஞர் 1633-இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு நாடக எதிர்ப்பு நூல் போட்டார். அதில் நடிகைகளைத் திட்டியிருந்த இடம், அரண்மனை நாடகத்தில் நடித்த அரசியைக் குறிப்பதாகப் பட்டது. அவருடைய காதுகளை வெட்டினார்கள். 1642-இல் அரங்குகள் எல்லாம் மூடப்பட்டன.

மேடையில் கைத்தட்டல் வாங்கிய அதே காரியம் தெருவில் குற்றம். மேரி ஃபிரித் என்ற லண்டன்காரி ஆண் உடையில் திரிந்தவள், குழாய் புகைத்தவள். 1611-இல் மிடில்டனும் டெக்கரும் அவளையே கதாநாயகியாக்கி ஒரு நாடகம் போட்டார்கள். அவளே அந்த அரங்கின் மேடையில் வந்து அமர்ந்து லூட் வாசித்துப் பாடியதாகப் பதிவு இருக்கிறது. மறு வருஷம் பிப்ரவரியில் செயின்ட் பால் தேவாலயத்துக்கு வெளியே, ஊர் பார்க்க நிற்கவைத்துப் பாவ மன்னிப்புக் கேட்கவைத்தார்கள்.

இப்போது மால்வோலியோ. அவனை நான் முதலில் வெறும் முசுடு என்றுதான் நினைத்தேன். பாட்டு பிடிக்காது, கூத்து பிடிக்காது, கோமாளியைக் கண்டால் ஆகாது. ஆனால் தோட்டத்தில் கடிதம் கண்ணில் படுவதற்கு முன்பே அவன் தனியாகக் கனவு காணும் இடத்தைப் பாருங்கள். ஒலிவியாவைக் கட்டி மூன்று மாதம் ஆகியிருக்கும். பகல் படுக்கையில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் எழுந்து வந்து, பூவேலை செய்த வெல்வெட் அங்கியில் உட்கார்ந்து, அதிகாரிகளைக் கூப்பிட்டு அனுப்புவேன் என்கிறான். தன் தகுதிக்கு மீறிய கனவில் அவன் முதலில் தேடுவதே வெல்வெட் துணியைத்தான்! அந்த ஆசைக்கு அவன் காட்டும் முன்னுதாரணமும் துணி சம்பந்தப்பட்டதுதான்: ஒரு சீமாட்டி தன் துணிமணிக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஆளைக் கல்யாணம் செய்யவில்லையா என்கிறான். இந்த நாடகத்தில் துணியின் அர்த்தம் வயோலாவுக்கு அடுத்தபடியாக நன்றாகத் தெரிந்தவன் மால்வோலியோதான்.

அவனை வீழ்த்துவதும் துணிதான். மஞ்சள் காலுறை போட்டு, முழங்காலைச் சுற்றிக் குறுக்குக் கட்டுப் பட்டி கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வா என்கிறது கடிதம். ஒலிவியாவுக்கு மஞ்சளும் ஆகாது, அந்தக் கட்டும் ஆகாது. துக்கத்தில் இருப்பவளுக்குச் சிரிப்பும் ஆகாது. கடிதம் எழுதிய மரியா ஒலிவியாவின் பணிப்பெண், அவளுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் வருகிறான். இந்தக் கட்டு ரத்த ஓட்டத்தை அடைக்கிறது, ஆனாலும் பரவாயில்லை, ஒருவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தால் போதும் என்கிறான். இந்த வரியில் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் கடையில் பார்த்த மாப்பிள்ளைகள் ஞாபகம் வருகிறார்கள். கழுத்துப் பட்டன் இறுக்குகிறதா என்று அப்பா கேட்டால், இல்லையில்லை நல்லா இருக்கு என்று கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்வார்கள்.

அப்புறம் நடப்பதைச் சிரிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பைத்தியம் என்று சொல்லி அவனை இருட்டறையில் போடுகிறார்கள். கோமாளி ஃபெஸ்டே பாதிரி அங்கியும் தாடியும் மாட்டிக்கொண்டு, பாதிரியின் குரலில் அவனை விசாரிக்கிறான். அறை இருட்டே இல்லை, ஜன்னல் எல்லாம் வெளிச்சம் என்று சாதிக்கிறான். “எனக்குப் பைத்தியம் இல்லை ஐயா. இந்த வீடு இருட்டாக இருக்கிறது” என்கிறான் மால்வோலியோ. மறுபிறவியைப் பற்றிப் பைதாகரஸ் என்ன சொன்னார் என்று கேட்டால் அதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறான். அந்த நேரத்தில் அந்த வீட்டில் புத்தி தெளிவாக இருக்கும் ஒரே ஆள் அவன்தான். வெளியே நிற்கும் மரியா கோமாளியிடம் சொல்கிறாள்: இதற்கு உனக்குத் தாடியும் அங்கியும் எதற்கு, அவன் கண்ணுக்குத்தான் நீ தெரியவே மாட்டாயே. பார்க்க ஆளில்லாத இடத்திலும் வேடம் தேவைப்படுகிறது, போடுகிறவனுக்கு. பாதிரி அங்கிக்குள் இருந்துகொண்டு அத்தனை கொடுமையையும் கூசாமல் செய்ய முடிகிறது. இதைவிடக் கூர்மையாக வேடத்தைப் பற்றி அந்த நாடகத்தில் வேறெங்கும் சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம்.

வயோலாவும் எல்லை தாண்டினாள், மால்வோலியோவும் எல்லை தாண்டினான். அவளுக்குப் பிரபு கிடைத்தான், இவனுக்கு இருட்டறை. ஏன்? வயோலா தாண்டியது ஆண் பெண் எல்லையை. அவள் நல்ல குடும்பத்துப் பெண். பரம்பரை என்ன என்று ஒலிவியா கேட்கும்போது, நான் உயர்குடி என்று ஆண் வேடத்திலும் உண்மையைத்தான் சொல்கிறாள். மால்வோலியோ தாண்டப் பார்த்தது குலத்தின் எல்லையை. இந்த நகைச்சுவை பால் எல்லையை வளைய விடுகிறது, அந்தஸ்தின் எல்லையை வளைக்க நினைத்தவனை உடைக்கிறது. மரியா தன்னைவிட உயர்ந்த சர் டோபியை, ஒலிவியாவின் உறவினரை, கட்டிக்கொள்கிறாளே என்று கேட்கலாம். கட்டிக்கொள்கிறாள்தான். அது டோபி அந்தக் கடிதத்துக்குக் கொடுத்த கூலி. மேலே ஏற நினைத்த ஒருவனைக் கீழே தள்ளியதற்காகக் கிடைத்த ஏற்றம்.

இந்த நாடகம் நடந்ததைப் பற்றிய முதல் குறிப்பு 1602 பிப்ரவரி 2-ஆம் தேதி லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறது. அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த ஜான் மானிங்ஹாம் தன் நாட்குறிப்பில் எழுதினார். மண்டபம் இன்றும் நிற்கிறது. அவர் குறிப்பில் வயோலா இல்லை! மேலாளை ஏமாற்றிய விஷயம்தான் அவருக்குப் பிடித்திருந்தது. ஒலிவியாவை விதவை என்று வேறு எழுதிவிட்டார். ஒலிவியா அண்ணனுக்காகத்தான் துக்கம் காக்கிறாள். கறுப்பு உடையில் வந்தவளைப் பார்த்து மனுஷர் அப்படி நினைத்திருக்க வேண்டும். பின்னாளில் முதலாம் சார்லஸ் மன்னரும் தன்னிடமிருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இந்த நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் ‘மால்வோலியோ’ என்று எழுதி வைத்தார். ஆக, நாடகம் பார்த்தவர்கள் மஞ்சள் காலுறையை நினைவு வைத்துக்கொண்டார்கள். வயோலாவின் உடையைத் தேடியவர்கள் அதிகம் இல்லை.

அந்தத் தேதியைப் பற்றி ஒன்று. ஷேக்ஸ்பியருக்கு இரட்டைக் குழந்தைகள், ஹாம்னெட் என்று ஒரு பையன், ஜூடித் என்று ஒரு பெண். இருவருக்கும் ஞானஸ்நானம் நடந்தது 1585 பிப்ரவரி 2. ஹாம்னெட் 1596-இல், 11 வயதில் இறந்துபோனான். ஜூடித் இருந்தாள். இதிலிருந்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. தன் இரட்டைப் பிறவியான சகோதரன் செத்துவிட்டான் என்று நம்பும் ஒரு பெண், அவன் மாதிரியே உடுத்திக்கொண்டு நடமாடும் கதையை எழுதியவர் அந்த வீட்டின் தகப்பன் என்பதை மறந்துவிட்டு என்னால் படிக்க முடியவில்லை.

அவன் மாதிரியே உடுத்திக்கொண்டு என்பது என் ஊகம் இல்லை. மூன்றாம் அங்கத்தில் வயோலாவே சொல்கிறாள். செபாஸ்டியனின் நண்பன் ஒருவன் அவளைச் செபாஸ்டியன் என்று கூப்பிட்டுவிடுகிறான். அவள் தனக்குள்: கண்ணாடியில் என் தம்பி உயிரோடு இருக்கிறான், முகமும் இப்படித்தான், அவன் எப்போதும் இந்த நிறத்தில், இந்த மோஸ்தரில், இந்த அலங்காரத்தில்தான் இருப்பான், நான் அவனைப் பார்த்துத்தான் உடுத்துகிறேன். (தம்பியா அண்ணனா என்று மூலத்தில் இல்லை. எனக்கு அவன் தம்பியாகத்தான் தோன்றுகிறான்.)

அதுவரை அவள் வேடத்துக்குக் காரணம் பாதுகாப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அந்நிய ஊர், தனிப் பெண், பிழைக்க ஒரு வழி. அந்த வரிக்குப் பிறகு நாடகம் வேறாகிவிடுகிறது. இல்லிரியாவில் சகோதரனை இழந்த பெண்கள் இரண்டு பேர். ஒலிவியா ஏழு வருஷம் முகத்திரை போட்டு அழப்போகிறேன் என்று சபதம் எடுக்கிறாள். வயோலா சகோதரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். இரண்டும் துக்க உடைதான். ஒன்று கதவைச் சாத்துகிறது, மற்றது அவனை நடமாட வைக்கிறது.

எங்கள் கடைக்கு ஓர் அக்கா ஒரு முழுக்கைச் சட்டையைக் கொண்டுவந்தார். கட்டம் போட்ட, துவைத்து மெலிந்துபோன சட்டை. “தம்பியோடது. காட்டு வேலைக்குச் சேலைக்கு மேல போட்டுக்கறேன், கைய மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடுங்கண்ணே” என்றார். தோள்பட்டையைச் சரிபண்ணட்டுமா, தொளதொளவென்று இருக்குமே என்று அப்பா கேட்டார். “வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.” தம்பி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா காசு வாங்கவில்லை. வயோலாவின் அந்த வரியைப் படித்த அன்றுதான் அந்தத் தோள்பட்டை எனக்குப் புரிந்தது.

ஒலிவியாவின் துக்கத்தை முதலில் அசைப்பது காதல் இல்லை, கோமாளிதான். ஃபெஸ்டே அனுமதி கேட்டு அவளை விசாரிக்கிறான். “அம்மணி, எதற்குத் துக்கம்?” “அண்ணன் செத்துப்போனதற்கு.” “அவர் ஆத்மா நரகத்தில் இருக்கிறது போல.” “சொர்க்கத்தில் இருக்கிறதடா முட்டாள்!” “சொர்க்கத்தில் இருக்கும் அண்ணனுக்காக அழுகிறவர்தான் முட்டாள். இந்த முட்டாளை அழைத்துப் போங்கள்.” அவளுக்குச் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் நிற்கும் மால்வோலியோவுக்கு வரவில்லை. ஃபெஸ்டே இங்கே இன்னொன்றும் சொல்கிறான்: கோமாளி உடை என் உடம்பில்தான், மூளையில் இல்லை. தன் உடை எங்கே முடிகிறது, தான் எங்கே தொடங்குகிறோம் என்று தெரிந்தவன் அவன். வயோலாவுக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் மட்டும் அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். முட்டாளாக நடிக்கும் அளவுக்குப் புத்திசாலி இவன் என்கிறாள். மற்றவர்களுக்கு அது தெரியவில்லை. ஆர்சினோ காதலன் வேடத்தைக் காதல் என்று நம்புகிறான். பாட்டு கேட்டுக்கொண்டு சாய்ந்து கிடக்கிறானே தவிர, நாலு அங்கம் ஒலிவியா வீட்டுப் பக்கமே போவதில்லை. இந்த நாடகத்தில் முட்டாள்தனம் என்றால் இதுதான்: போட்டிருப்பது வேடம் என்று தெரியாமல் போட்டிருப்பது.

அந்த ஆர்சினோ ஒரு மாலையில், பெண்களால் ஆண்களைப் போல ஆழமாகக் காதலிக்க முடியாது, அவர்கள் நெஞ்சுக்கு அவ்வளவு கொள்ளளவு இல்லை என்கிறான். சொல்வது தன்னைக் காதலிக்கும் பெண்ணிடம். அவள் பதில் சொல்ல முடிவதே ஆண் உடையில் இருப்பதால்தான். என் தந்தைக்கு ஒரு மகள் இருந்தாள், ஒருவனைக் காதலித்தாள் என்று ஆரம்பிக்கிறாள். அவள் கதை என்ன ஆயிற்று என்கிறான். வெற்றுத்தாள், பிரபுவே. அவள் காதலைச் சொல்லவே இல்லை. மொட்டுக்குள் புழு மாதிரி அந்த மௌனம் அவள் கன்னத்தைத் தின்றது. கல்லறைமேல் செதுக்கிய பொறுமையின் சிலை போல உட்கார்ந்து, துக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். உன் சகோதரி அந்தக் காதலிலேயே செத்துவிட்டாளா என்று கேட்கிறான் ஆர்சினோ.

“என் தந்தையின் வீட்டு மகள்கள் எல்லாம் நான்தான். மகன்கள் எல்லாமும் நான்தான். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை.”

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் படிப்பதை நிறுத்திவிடுவேன். காதலைச் சொல்லிக்கொண்டிருந்தவள் கடைசி வார்த்தைகளில் தம்பிக்குப் போய்விட்டாள். மகன்கள் எல்லாமும் நான் என்றால் தம்பி செத்துவிட்டான். தெரியவில்லை என்றால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. போட்டிருக்கும் சட்டையின் அர்த்தம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஆர்சினோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்தக் கதை ஷேக்ஸ்பியரோடு தொடங்கவில்லை. இத்தாலியில் சியனா நகரத்து அறிஞர் சபை ஒன்று 1532 கார்னிவலில் ஒரு நகைச்சுவை போட்டது. அதிலும் ஒரு பெண் ஆண் உடையில் காதலனிடம் வேலை பார்த்து, அவனுக்காக இன்னொருத்தியிடம் தூது போகிறாள். அவளுக்கும் காணாமல் போன சகோதரன் உண்டு. அது கைமாறிக் கைமாறி பார்னபி ரிச் என்பவரின் ஆங்கிலக் கதையாக 1581-இல் வந்தது. அதில் ஆண் வேடத்தில் இருக்கும் சில்லா, தான் பெண் என்று நிரூபிக்க மார்பைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை எடுக்கவில்லை. பையன் நடித்த மேடையில் எடுக்கவும் முடியாது. அந்தத் தடையிலிருந்துதான் நாடகத்தின் மிக அழகான காட்சி பிறந்தது என்று நினைக்கிறேன்.

அதைச் சொல்வதற்கு முன் மற்ற நாடகங்கள். ஜான் லில்லியின் நாடகத்தில் இரண்டு பெண்கள், இருவருமே ஆண் வேடத்தில், ஒருவரை ஒருவர் காதலிக்கிறார்கள். உண்மை தெரிந்த பிறகும் காதல் போகவில்லை. வீனஸ் தேவதை ஒருத்தியை ஆணாக மாற்றுகிறேன் என்கிறாள், யாரை என்று கடைசிவரை சொல்வதில்லை. ஷேக்ஸ்பியரின் ‘விரும்பியவண்ணமே’ நாடகத்து நாயகி ரோசலிண்ட், முடிவில் முன்னால் வந்து, நான் ஒரு பெண்ணாக இருந்தால் உங்களில் எனக்குப் பிடித்த தாடி வைத்தவர்களையெல்லாம் முத்தமிடுவேன் என்று பையனாகவும் பெண்ணாகவும் ஒரே மூச்சில் பேசுகிறாள். பென் ஜான்சன் 1609 வாக்கில் எழுதிய ‘மௌனமான பெண்’ வேறு ரகம். சத்தமே ஆகாத கிழவர் ஒருவர் வாயே திறக்காத பெண்ணாகத் தேடிக் கட்டுகிறார். கடைசியில் டோப்பாவைக் கழற்றினால் பையன்! பார்வையாளர்களுக்கும் அதுவரை சொல்வதில்லை. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஜான்சன் நம்மையும் ஏமாற்றுகிறார். ஷேக்ஸ்பியர் நம்மை வயோலாவின் பக்கத்திலேயே நிற்கவைக்கிறார். அவள் பாரம் நமக்கும் தெரியும். அதனால் எனக்கு இதுதான் பெரிய நாடகம்.

கடைசிக் காட்சி. செபாஸ்டியன் உள்ளே வருகிறான். ஒரே முகம், ஒரே உடை, எதிரெதிரே. எல்லாரும் வாயடைத்து நிற்கிறார்கள். உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. உன் பெயரென்ன, ஊர் எது, பெற்றவர் யார் என்று அவன் கேட்கிறான். என் தந்தையின் புருவத்தில் ஒரு மச்சம் உண்டு என்கிறாள். என் தந்தைக்கும் உண்டு என்கிறான். வயோலாவுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த அன்று அவர் இறந்தார். ஆமாம், அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ரிச்சின் கதையில் ஒரு பெண் உடம்பைக் காட்டி நிரூபித்ததை, இங்கே இரண்டு பிள்ளைகள் செத்துப்போன அப்பாவின் மச்சத்தைச் சொல்லி நிரூபிக்கிறார்கள்.

நீ மட்டும் பெண்ணாக இருந்தால், உன் கன்னத்தில் என் கண்ணீர் விழ, மூழ்கிப்போன வயோலாவே வா என்று சொல்வேன் என்று செபாஸ்டியன் மச்சப் பேச்சுக்கு முன்பே சொல்லிவிடுகிறான். ஐந்து அங்கத்தில் அவள் பெயர் மேடையில் முதன்முதலில் ஒலிப்பது இந்தக் காட்சியில்தான். புத்தகத்தில் படிக்கிறவர்களுக்கு முதலிலிருந்தே அவள் வயோலா. மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்த மானிங்ஹாமுக்கு அதுவரை அவள் பெயரே தெரியாது. செத்துவிட்டான் என்று அவள் யாருடைய உடையைச் சுமந்தாளோ, அவன் வாயிலிருந்துதான் அவள் பெயர் திரும்பக் கிடைக்கிறது.

அப்போதும் அவள் அணைக்கவில்லை. இந்த ஆண் உடை ஒன்றுதான் தடை. இடமும் நேரமும் எல்லாம் பொருந்தி நான் வயோலா என்று உறுதியாகும்வரை என்னைத் தழுவாதே. இந்த ஊரில் ஒரு கப்பல் தலைவர் இருக்கிறார், என் துணிகள் அவரிடம் இருக்கின்றன, கூட்டிப் போகிறேன் என்கிறாள். பல மேடைகளில் இந்த இடத்தில் இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதை அப்படியே விடவேண்டும். எதிரில் அவனே நிற்கிறான். அவன் உடை இனி அவளுக்குத் தேவையில்லை, தன் உடை கையில் இல்லை.

ஆர்சினோ பெண் உடையில் பார்க்க வேண்டும் என்று கேட்பது அதற்குப் பிறகு. கப்பல் தலைவர், சிறை, மால்வோலியோவின் வழக்கு என்று அவள் பதில் சொல்கிறாள். மால்வோலியோவை அழைத்து வருகிறார்கள். கடிதத்தின் சூழ்ச்சி வெளிப்படுகிறது. உங்கள் மொத்தக் கூட்டத்தையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு அவன் வெளியேறுகிறான். உங்கள் மொத்தக் கூட்டத்தையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு அவன் வெளியேறுகிறான். வழக்கு அவனோடு போகிறது. கப்பல் தலைவர் சிறையில்தான் இருக்கிறார். சிசாரியோ, வா, ஆணாக இருக்கும்வரை உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன் என்கிறான் ஆர்சினோ. எல்லாரும் உள்ளே போகிறார்கள். ஃபெஸ்டே மட்டும் நின்று, தினமும் பெய்யும் மழையைப் பற்றிப் பாடுகிறான்.

துணி எங்கே என்று சொன்ன பிறகு வயோலாவுக்கு அந்த நாடகத்தில் வேறு வசனம் இல்லை.